பாயிண்ட் மாறலாம், வேலை போகலாமா? – செக்யூரிட்டி ஏஜென்சி ஒப்பந்தம் பற்றி ஒரு கேள்வி

பொருளாளர்_மேடவாக்கம் · 5 ஜனவரி 2026

எங்கள் குடியிருப்பில் 112 வீடுகள், இரண்டு கேட். ஏஜென்சி மூலம் 4 காவலாளிகள், 12 மணி நேர டூட்டி. பில் தலைக்கு ₹17,000, அதன் மேல் ஜி.எஸ்.டி. மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. புதிதாக வந்த ஏஜென்சி, "ஆள் பிடிக்கலன்னா சொல்லுங்க சார், 24 மணி நேரத்துல மாத்திடுறோம். 7 நாள் நோட்டீஸ்ல எப்ப வேணா முடிச்சிக்கலாம்" என்கிறது. கமிட்டியில் பாதிப் பேருக்கு இது பிடித்துவிட்டது. ஆனால் 6 வருடமாக இங்கேயே நிற்கும் இரண்டு பேர், "எங்களை என்ன சார் செய்வீங்க?" என்று கேட்கிறார்கள். நெகிழ்வு இருந்தால்தான் கட்டுப்படியாகும், நிரந்தரம் என்றால் மெத்தனம் வரும் என்பது என் கருத்து. தவறென்றால் காரணத்தோடு சொல்லுங்கள்.

ரோஸ்டர்_கோவை · 5 ஜனவரி, இரவு

நெகிழ்வு என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுவிட்டீர்கள். ஒருவரை உங்கள் பாயிண்டிலிருந்து, அதாவது அவர் நிற்கும் காவல் இடத்திலிருந்து, மாற்றுவது ஒன்று. அவரை வேலையிலிருந்தே எடுத்துவிடுவது இன்னொன்று. முதலாவது உங்களுக்கு நியாயமாகத் தேவை: கேட்டில் தூங்குகிறார், வீட்டுக்காரர்களோடு ஒத்துவரவில்லை, கண் பார்வை குறைந்து இரவில் வண்டி எண் தெரியவில்லை. இரண்டாவதால் உங்களுக்கு ஒரு காசு லாபமில்லை. அது ஏஜென்சி தன் காத்திருப்புச் செலவை, அதாவது அடுத்த பாயிண்ட் கிடைக்கும்வரை தரவேண்டிய சம்பளத்தை, காவலாளியின் தலையில் கட்டும் வழி. "24 மணி நேரத்துல மாத்திடுறோம்" என்றால், மாற்றப்பட்டவருக்கு மறுநாள் எங்கே டூட்டி என்று கேளுங்கள். பதில் வராது.

பாயிண்ட் உங்களுடையது, வேலை ஏஜென்சியுடையது. இந்த இரண்டையும் ஒப்பந்தத்தில் பிரித்து எழுதினால் பாதிச் சண்டை தீரும். மீதிப் பாதி பில் ரேட்டில் இருக்கிறது. நாளை கணக்குப் போடுகிறேன்.

ரோஸ்டர்_கோவை · 6 ஜனவரி

கணக்கு எளிதாக இருக்க மாதச் சம்பளம், அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து, ₹15,000 என்று வைக்கிறேன். உங்கள் இடத்துக்கு உரிய குறைந்தபட்ச ஊதியத்தை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அகவிலைப்படி ஏப்ரல் 1இல் திருத்தப்படும், அதையும் மறக்க வேண்டாம்.

சம்பளம் 15,000
பி.எஃப். முதலாளி பங்கு 12%, காப்பீட்டுக்கும் நிர்வாகத்துக்கும் தலா அரை சதவீதம், ஆக 13%: 1,950
இ.எஸ்.ஐ. 3.25%: 488
போனஸ் 8.33%: 1,250
பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஒதுக்கீடு 4.81%: 722
கூட்டினால் 19,410

இது ஒரு மனிதருக்கு. ஒரு பாயிண்டுக்கு அல்ல. பாயிண்ட் 365 நாளும் நிற்க வேண்டும், மனிதர் நிற்க மாட்டார். ஆறு நாளுக்கு ஒரு வார ஓய்வு என்றால் ஆறில் ஒரு பங்கு ரிலீவர் (ஓய்வில் இருப்பவருக்குப் பதிலாக நிற்பவர்) செலவு: 3,235. விடுமுறை 9 நாளும் (தமிழ்நாட்டுச் சட்டப்படி 4 தேசிய, 5 பண்டிகை) சம்பளத்தோடு கூடிய விடுப்பு 15 நாளும் சேர்ந்து வருடத்துக்கு 24, மாதம் 2 நாள். மாத வேலை நாள் 26இல் 2 பங்கு: 1,493. யூனிஃபார்ம், பயிற்சி 350. இதுவரை 24,488. ஏஜென்சி சார்ஜ் 8% வைத்தால் 26,447. ஜி.எஸ்.டி. 18% சேர்த்து 31,207.

8 மணி நேர பாயிண்ட் ஒன்றுக்கு இது. 24 மணி நேர கேட் ஒன்றுக்கு மூன்று மடங்கு, 93,621. பார்த்ததும் பயந்து பக்கத்தை மூட வேண்டாம். அடுத்து வரும் குறிப்புகளில் வழி இருக்கிறது.

ரோஸ்டர்_கோவை · 6 ஜனவரி, சற்று நேரம் கழித்து

12 மணி நேர டூட்டி மலிவு என்ற நம்பிக்கையை முதலில் முடித்துவிடலாம். மாதம் 26 டூட்டி. ஒவ்வொன்றிலும் 4 மணி நேரம் ஓ.டி. (ஓவர்டைம்). ஓ.டி.க்குச் சட்டப்படி இரட்டிப்பு ஊதியம். 4 மணி நேரம் இரட்டிப்பாகும்போது 8 மணி நேரச் சம்பளம். அதாவது 12 மணி நேரம் நிற்பவருக்கு மாதம் இரண்டு முழுச் சம்பளம், 30,000. உங்கள் பில்லே 17,000தான். இதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஏஜென்சி லாபம் எல்லாம் போக அவர் கையில் என்ன வரும் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். சட்டப்படி 12 மணி நேர டூட்டியில் மிச்சமே கிடையாது. மிச்சம் தெரிகிறது என்றால் ஓ.டி. கொடுக்கப்படவில்லை.

வார ஓய்வும் பெரும்பாலும் கிடையாது. ஒரு கேட்டுக்கு வருடத்தில் 730 டூட்டி, 365 நாள், இரண்டே பேர். ஒருவர் வராவிட்டால் மற்றவர் 24 மணி நேரம் நிற்கிறார். டபுள் டூட்டி என்கிறோமே, அது. மெத்தனம் என்று நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி இந்தத் தூக்கமின்மைதான். 18ஆவது மணி நேரத்தில் நாற்காலியில் தலை தொங்குகிறவரை நிரந்தரமும் திருத்தாது, 7 நாள் நோட்டீஸும் திருத்தாது.

சைட்_இன்சார்ஜ்_ஓசூர் · 7 ஜனவரி

உங்கள் பில் கணக்கில் ஓட்டை இருக்கு சார். ரிலீவரும் மனுஷன்தானே, அவருக்கும் வார ஓய்வு, விடுப்பு உண்டு. கூட்டல் போட்டிருக்கீங்க, வகுத்தல் போடணும்.

ரோஸ்டர்_கோவை · 7 ஜனவரி

உண்மை. திருத்துகிறேன். 365இலிருந்து வார ஓய்வு 52, விடுமுறையும் விடுப்பும் 24 கழித்தால் ஒருவர் வருடத்தில் நிற்கும் நாள் 289. 365ஐ 289ஆல் வகுத்தால் 1.263. 19,410ஐ இதால் பெருக்க 24,514. யூனிஃபார்ம், சார்ஜ், வரி சேர்த்து பாயிண்டுக்கு 31,687. முன்பு எழுதியதைவிட 480 ரூபாய் கூடுதல். 24 மணி நேர கேட் ஒன்றுக்கு 95,061, ஆள் கணக்கில் 3.79 பேர். டெண்டரில் "3 ஷிஃப்ட், 3 ஆள்" என்று எழுதும் எல்லோரும் இந்த 0.79 மனிதரை எங்கே ஒளித்துவைக்கிறார்கள் என்று பாருங்கள். தொழிலின் பாதி வழக்குகள் அங்கேதான் பிறக்கின்றன.

பொருளாளர்_மேடவாக்கம் · 7 ஜனவரி

இப்போது வரியோடு 80,240 கட்டுகிறோம், வீட்டுக்கு 716. உங்கள் கணக்கில் இரண்டு கேட்டுக்கும் சேர்த்து 1,90,122. பொதுக்குழுவில் யாரும் கை தூக்க மாட்டார்கள்.

ரோஸ்டர்_கோவை · 8 ஜனவரி

நெகிழ்வு உண்மையில் தேவைப்படும் இடம் இதுதான். ஆள் எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள், டூட்டி நேரத்தில் வையுங்கள்.

இரண்டாவது கேட் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டுமா? விசிட்டர் புக்கை எடுத்து ஒரு வாரம் மணிவாரியாக எண்ணுங்கள். பெரும்பாலான குடியிருப்புகளில் பள்ளி வேன், வேலைக்காரம்மா, பால், கூரியர் எல்லாம் காலை 7இலிருந்து பிற்பகல் 3க்குள் அடங்கிவிடும். அந்த ஒரு ஷிஃப்ட்டை மட்டும் வைத்து மீதி நேரம் பூட்டுங்கள். பூட்டிய கேட்டுக்குச் சாவி முதல் கேட்டில் இருக்கட்டும், தீயணைப்பு வண்டி அந்த வழியாகத்தான் திரும்ப முடியும் என்றால் பூட்டவே கூடாது, அதை முதலில் பாருங்கள்.

இப்போது 4 பாயிண்ட்: முதல் கேட் மூன்று ஷிஃப்ட், இரண்டாவது கேட் ஒன்று. 4 × 31,687 = 1,26,748. வீட்டுக்கு 1,132. இன்றைய தொகையைவிட 416 கூடுதல். ஆள் கணக்கு 5.05. அதாவது இப்போது இருக்கும் நான்கு பேரும் இருப்பார்கள், ஐந்தாவதாக ஒரு ரிலீவர் வருவார். வருடத்தில் 15 டூட்டி மட்டும் துண்டு விழும். அதற்குப் பக்கத்து சைட்டிலிருந்து ஆள் தரவேண்டியது ஏஜென்சி.

ரோஸ்டர்_கோவை · 8 ஜனவரி, இரவு

ரிலீவர் சார்ட் கேட்டு இருவர் எழுதியிருக்கிறார்கள். ஷிஃப்ட்: ஏ 6–2, பி 2–10, சி இரவு 10–6, டி என்பது இரண்டாவது கேட் 7–3.

ரிலீவர் திங்கள் ஏ, செவ்வாய் டி, புதன் பி, வியாழன் சி. வெள்ளி காலை 6க்கு இறங்குகிறார், அன்று அவருக்கு ஓய்வு. சனி பிற்பகல் 2க்கு வந்தால் போதும், 32 மணி நேர இடைவெளி கிடைக்கிறது. சனி, ஞாயிறு இரண்டும் மற்றவர்களின் விடுப்புக்கும் பயிற்சிக்கும்.

வழக்கமாக நடக்கும் தப்பு: இரவு ஷிஃப்ட் ஓய்வை ஞாயிறுக்கு வைப்பது. எல்லோரும் ஞாயிறு ஓய்வு கேட்பார்கள், அதனால் சீனியருக்கு அதைக் கொடுத்துவிடுவார்கள். ரிலீவர் ஞாயிறு இரவு ஏறித் திங்கள் காலை 6க்கு இறங்குகிறார், அதே 6க்கு ஏ ஷிஃப்ட்டில் அவர் பெயர். 16 மணி நேரம். இரண்டு மாதத்தில் ரிலீவர் ஓடிவிடுவார், வார ஓய்வு நின்றுபோகும், டபுள் டூட்டி திரும்பும். ஒரு சைட்டில் ரிலீவர் எத்தனை மாதம் தங்குகிறார் என்று பார்த்தாலே அந்த ஏஜென்சியைப் பற்றித் தெரிந்துவிடும்.

ரோஸ்டர்_கோவை · 11 ஜனவரி

அந்த 6 வருடக்காரர்கள் இருவர். முதலில் ஒரு கேள்வி: 6 வருடமும் ஒரே ஏஜென்சியா?

பணிக்கொடைக் கணக்கு: 15,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்கவேண்டும். 6 வருடத்துக்கு 51,923. ஒரே ஏஜென்சி என்றால் மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்து அவர்களை வேலையைவிட்டு அனுப்பினால் இருவருக்கும் சேர்த்து 1,03,846 அந்த ஏஜென்சி கொடுக்கவேண்டும். நடுவில் ஏஜென்சி மாறி 4 வருடம், 2 வருடம் என்று உடைந்திருந்தால் இரண்டு இடத்திலும் 5 வருடம் ஆகவில்லை, எனவே ஒன்றுமில்லை. அதே கேட், அதே நாற்காலி, அதே டார்ச். சட்டையில் இருந்த பேட்ஜ் மாறியதில் 51,923 போய்விட்டது.

ஒரு விலக்கு. 4 வருடம் முடித்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே 5 வருடமாகக் கொள்ளலாம் என்று 1998இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. முதல் துண்டு 4 வருடமும் சில மாதங்களும் என்றால் மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) நாள் எண்ணுங்கள்.

ரோஸ்டர்_கோவை · 12 ஜனவரி

நேற்று விட்டது: 2025 நவம்பர் 21இலிருந்து நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. காவல் தொழிலுக்குப் பட வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

குறித்த கால ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை. மற்றவர்களுக்கு 5 வருடம்தான். நல்ல ஏற்பாடு, ஆனால் 11 மாத ஒப்பந்தம் எழுதும் ஏஜென்சிகள் வரும். நியமனக் கடிதத்தில் காலம் 11 மாதம் என்று இருந்தால் ஏன் என்று கேட்கவேண்டியது கையெழுத்துப் போடும் சங்கம்.

நியமனக் கடிதம் எல்லோருக்கும் கட்டாயம். வேலையைவிட்டு நீக்கினாலும் அவரே விலகினாலும் 2 வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கி. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் ஊதியமாகக் கணக்கில் சேரும். 6,000 அடிப்படை, மீதியெல்லாம் துவைப்புப் படி, பயணப் படி என்று பிரித்துப் பி.எஃப்.ஐக் குறைக்கும் பழைய வித்தை இனிச் செல்லாது.

ஒப்பந்தத் தொழிலாளர் பிரிவு இப்போது 50 பேரிலிருந்து. பழைய 1970 சட்டத்தில் 20. உங்கள் ஐந்து பேர் இரண்டிலும் வரமாட்டார்கள். அதனால் நமக்குப் பொறுப்பில்லை என்று கமிட்டியில் யாராவது சொன்னால் ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் 43ஆவது பிரிவைக் காட்டுங்கள்: வேலைக்கு வைத்தவர் சம்பளம் கொடுக்கத் தவறினால், தொழிலாளி எந்த நிறுவனத்தில் வேலை செய்கிறாரோ அதன் உரிமையாளர், அது கம்பெனியானாலும் சங்கமானாலும், கொடுக்கவேண்டும். மலிவான ஏஜென்சி ஓடிப்போனால் பாக்கி உங்கள் வாசலுக்கு வரும்.

தொழிற்சங்கம்_அம்பத்தூர் · 12 ஜனவரி

கம்பெனிகளில் காவல் வேலையை நிரந்தரமாக்க 2001க்கு முன்னால் ஒரு வழி இருந்தது, அதையும் எழுதுங்கள் தோழர்.

ரோஸ்டர்_கோவை · 13 ஜனவரி

1976 டிசம்பர் 9 அறிவிக்கையைச் சொல்கிறீர்கள். தொழிலாளர் விஷயத்தில் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களில் பெருக்குதல், துடைத்தல், காவல் ஆகிய வேலைகளுக்கு ஒப்பந்த முறை கூடாது என்றது அது. 1996இல் ஏர் இந்தியா வழக்கில், தடை வந்தாலே ஒப்பந்தத் தொழிலாளர் தானாக நிரந்தரமாவார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001 ஆகஸ்ட் 30இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைப் புரட்டிப்போட்டது: தானாக நிரந்தரம் கிடையாது, 1976 அறிவிக்கையும் செல்லாது. ஒப்பந்தமே போலி என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபித்தால் மட்டும் வழி உண்டு.

இப்போதைய சட்டம் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தியிருக்கிறது. முதன்மை வேலைக்கு ஒப்பந்த ஆள் கூடாது என்று சொல்லிவிட்டு, காவல் வேலை முதன்மை வேலை ஆகாது என்று தனியே எழுதிவிட்டார்கள், அந்த நிறுவனமே காவலுக்காக அமைந்தது என்றால் தவிர. இந்த "தவிர" முக்கியம். ஏஜென்சிக்குக் காவல்தான் முதன்மை வேலை. கிளையன்டிடம் நிரந்தரம் கேட்பது இனி கடினம், ஏஜென்சியிடம் கேட்பதற்கு வாதம் பலமாகிறது. சட்டம் இன்னொரு இடத்திலும் அதே பக்கம் சாய்கிறது: ஒப்பந்ததாரர் தானே நிரந்தரமாக வைத்து, காலமுறை ஊதிய உயர்வும் சமூகப் பாதுகாப்பும் கொடுக்கும் ஆள் "ஒப்பந்தத் தொழிலாளர்" என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டார். நல்ல ஏஜென்சிகள் இதைப் பயன்படுத்தவேண்டும்.

தமிழ்நாட்டின் 1981 நிரந்தரத் தகுதிச் சட்டமும் இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரம். ஏஜென்சிக்கு எதிராக இதை எடுத்துக் கேட்பவர்கள் குறைவு, ஏனென்றால் மஸ்டர் ரோல் நகல் காவலாளி கையில் இருப்பதில்லை. மாதம் ஒருமுறை டூட்டி ரிஜிஸ்டரை போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், தேதியும் பக்கமும் தெரிய.

ரோஸ்டர்_கோவை · 18 ஜனவரி

மும்பை முறையைப் பற்றிக் கேட்டவருக்கு. மகாராஷ்டிராவில் 1981இல் காவலாளிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது, 1969இன் மாத்தாடிச் சுமைதூக்குவோர் சட்டத்தின் வழியில். காவலாளி அந்தச் சட்டம் அமைத்த வாரியத்தில் பதிவாவார். வாரியம் அவரைக் கம்பெனிக்கு ஒதுக்கும். கம்பெனி சம்பளத்தையும் அதன் மேல் ஒரு வரியையும் வாரியத்திடம் கட்டும். பி.எஃப்., போனஸ், பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாம் அந்த வரியிலிருந்து. கம்பெனிக்கு வேண்டாமென்றால் வாரியத்துக்கே திருப்பி அனுப்பலாம். பாயிண்ட் போகும், பதிவு போகாது. நான் முதல் நாள் எழுதிய பிரிப்பு அங்கே சட்டமாகவே இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஒதுக்கீடு கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் நிற்கும் நாளுக்குச் சம்பளம் இல்லை. வாரியத்துக்குக் குறையாத சலுகை தரும் ஏஜென்சிக்கு 23ஆவது பிரிவில் விலக்கு உண்டு, அந்த விலக்கைக் கண்காணிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் ஆளை மாற்றுவதற்கும் ஆளை நீக்குவதற்கும் இடையில் ஒரு சுவர் அங்கே எழும்பி நிற்கிறது. இங்கே அந்தச் சுவரை நாம் ஒப்பந்தத்தில் கட்டவேண்டியிருக்கிறது.

ரோஸ்டர்_கோவை · 19 ஜனவரி

"ஏஜென்சியே வேண்டாம், சங்கமே நேரடியாக வைத்தால் என்ன?" என்று ஒருவர் கேட்டதற்கு, காவலாளிக்குப் பாதுகாப்பு கூடும் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். அது முழுக்கச் சரியில்லை. உறுப்பினர்களுக்கு மட்டும் சேவை செய்யும் குடியிருப்புச் சங்கம் தொழிற்தகராறுச் சட்டத்தின் பொருளில் "தொழில்" ஆகாது என்று சோம் விஹார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நேரடியாக வைத்து, பிறகு வாய்மொழியாக நீக்கினால் அவர் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்பதே கடினமாகலாம். நேரடி நியமனத்தில் சம்பளம் முழுதாகக் கைக்குப் போகும், ஜி.எஸ்.டி. மிச்சம். ஆனால் ரிலீவர் யார்? ஐந்து பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் காலை 6க்கு யாரை அழைப்பீர்கள்? சிறு சங்கங்களில் இந்த ஏற்பாடு இந்த இடத்தில்தான் உடைகிறது.

ஷிஃப்ட்_ஜூரோங் · 21 ஜனவரி

சிங்கப்பூரில் இருந்து. இங்கே 2016 செப்டம்பரில் படிநிலைச் சம்பள முறை வந்தது, ஏஜென்சி லைசென்ஸ் வேண்டுமென்றால் அந்தச் சம்பளம் கொடுத்தாகவேண்டும். 2021இல் ஓவர்டைம் விலக்கும் போனது, மாதம் 72 மணி நேரம்தான் உச்சம். 2024இல் முழுநேர அதிகாரிக்கு மொத்தச் சம்பளம் 2,650 வெள்ளி, 2028இல் 3,530 என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். ஏஜென்சிகள் சம்பளத்தைக் குறைத்துப் போட்டிபோட முடியாது.

ரோஸ்டர்_கோவை · 21 ஜனவரி

அருமையான தகவல். லைசென்ஸோடு சம்பளத்தைக் கட்டியதுதான் அதில் உயிர். நம்மிடமும் அந்தக் கயிறு இருக்கிறது, யாரும் இழுப்பதில்லை. 2005 தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தின் 13ஆவது பிரிவில், அட்டவணையில் உள்ள தொழிலாளர் சட்டங்களை மீறினால் லைசென்ஸை ரத்து செய்யலாம் என்று இருக்கிறது. புகார் லைசென்ஸ் கொடுக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிக்குப் போகவேண்டும். தொழிலாளர் துறையில் மட்டும் மனு கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். அந்த மனுவின் நகலை இந்த அதிகாரிக்கும் அனுப்பினால் ஏஜென்சி ஓடிவரும்.

இங்கிலாந்தில் வேறொரு வழி. 2006 விதிமுறைகளின்படி காவல் ஒப்பந்தம் ஒரு ஏஜென்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால், அந்த சைட்டுக்கென்று ஒருங்கிணைந்து வேலை செய்த ஆட்களும் பழைய சம்பளம், பணிமூப்போடு கூடவே போவார்கள். அங்கே லைசென்ஸும் காவலாளியின் கையில் இருக்கிறது. இங்கே லைசென்ஸ் ஏஜென்சியுடையது, காவலாளிக்கு மிஞ்சுவது பயிற்சிச் சான்றிதழ். 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப்பயிற்சி, குறைந்தது 20 வேலை நாள். முன்னாள் ராணுவத்தினர், போலீசாருக்கு 40, 16, ஏழு நாள். இந்தச் சான்றிதழின் அசலை ஏஜென்சி வைத்துக்கொண்டால் அவர் எங்கும் போகமுடியாது. அசல் அவரிடம் இருக்கவேண்டும், ஏஜென்சிக்கு நகல் போதும்.

ரோஸ்டர்_கோவை · 25 ஜனவரி

ஏஜென்சி மாறும்போது பி.எஃப்., இ.எஸ்.ஐ. எப்படி உடைகின்றன என்று தனியாக எழுதச் சொன்னார்கள்.

இ.எஸ்.ஐ.: ஆளுக்கு ஒரே காப்பீட்டு எண்தான், வாழ்நாள் முழுக்க. அவசரத்தில் புது ஏஜென்சி புது எண் போட்டுவிடும். நோய்க்கால உதவித்தொகைக்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் (ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்) 78 நாள் வேண்டும். 50 நாள் ஒரு எண்ணிலும் 60 நாள் இன்னொன்றிலும் கிடந்தால் 110 நாள் வேலை செய்தவருக்கு உதவித்தொகை இல்லை. டெங்குவில் படுத்த பிறகுதான் தெரியவரும். சேரும் நாளிலேயே பழைய எண்ணை எழுதிக் கொடுக்கவேண்டும்.

பி.எஃப்.: பழைய ஏஜென்சி "வேலைவிட்ட தேதி" பதியாவிட்டால் பணம் நகராது. கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. வைத்து அவரே பதியலாம். இது பலருக்குத் தெரியாது.

ஓய்வூதியம்: 10 வருடச் சேவை வேண்டும். ஒவ்வொரு முறை ஏஜென்சி மாறும்போதும் 10-சி படிவத்தில் ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிடுகிறார்கள், வருடக்கணக்கு பூஜ்யமாகிறது. அதே படிவத்தில் பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்டால் வருடம் கூடிக்கொண்டே போகும். 50 வயதில் இந்த வேலைக்கு வந்தவருக்கு 58க்குள் 10 வருடம் ஆகாது என்பதும் உண்மை. ஆனால் அவர் முன்பு மில்லிலோ பட்டறையிலோ வேலை செய்திருப்பார், அந்தப் பழைய எண்ணைத் தேடிப் பிடித்துச் சேர்த்தால் 10 வந்துவிடும். ஒரு சூப்பர்வைசர் ஒரு மாலை உட்கார்ந்தால் முடியும் வேலை.

ரோஸ்டர்_கோவை · 2 பிப்ரவரி

காவலாளிகளுக்கும் நெகிழ்வு வேண்டும், அதை யாருமே கேட்கவில்லை. அறுவடைக்கு ஊருக்குப் போகவேண்டும், பிஹாருக்கோ அசாமுக்கோ போய்வர ரயிலிலேயே நாலைந்து நாள். விடுப்பு இல்லையென்றால் சொல்லாமல் போவார்கள், ஏஜென்சி பெயரை நீக்கும், திரும்பி வந்து புதிதாகச் சேர்வார்கள், பணிமூப்பு அறும். வருடத்துக்கு ஒருமுறை 25–30 நாள் தொடர் விடுப்பு: 15 சம்பளத்தோடு, மீதி சம்பளமில்லாமல், பெயர் பட்டியலில் இருக்கும். மூன்று மாதம் முன்பே நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து, ஒரு மாதத்தில் ஒருவருக்கு மேல் இல்லை. இதற்கு ஏஜென்சிக்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை.

பொருளாளர்_மேடவாக்கம் · 9 பிப்ரவரி

பொதுக்குழு முடிந்தது. 4 பாயிண்ட், 8 மணி நேரம், 5 ஆள், வீட்டுக்கு 1,150 வரை ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது கேட் வழியாகத் தீயணைப்பு வண்டி போகவேண்டியதில்லை, பார்த்துவிட்டோம். 6 வருடக்காரர்களுக்கு நடுவில் ஏஜென்சி மாறவில்லை. இனி வாசகம் வேண்டும். "24 மணி நேரத்தில் மாற்றம்" என்பதை எப்படி எழுதுவது?

ரோஸ்டர்_கோவை · 9 பிப்ரவரி, இரவு

மனம் நிறைந்தது. 416 ரூபாயை 112 வீடுகள் ஒப்புக்கொள்வது சின்ன விஷயமில்லை.

முதலில் பழைய ஏஜென்சி. ஒப்பந்தம் முடிய 45 நாள் முன்பே ஐந்து விவரம் கேட்டு வாங்குங்கள்: சேர்ந்த தேதி, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. எண், பயிற்சிச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சலான். பழைய ஏஜென்சியிலேயே வேறு சைட்டுக்குப் போவதா, இங்கேயே புது ஏஜென்சியில் தொடர்வதா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள், ஃபீல்டு ஆபீசர் அருகில் இல்லாதபோது. அங்கேயே தொடர்ந்தால் பணிக்கொடை வருடம் கூடும், இங்கே தொடர்ந்தால் இப்போதே 51,923 கைக்கு வரும், அதையும் விளக்குங்கள். கடைசி மாத பில்லைப் பாக்கி தீர்ந்த ரசீது வந்தபிறகு கொடுங்கள்: சம்பளம் 2 வேலை நாளில், பணிக்கொடை 30 நாளில். பழைய ஒப்பந்தத்தில் "எங்கள் ஆட்களை 12 மாதம் வேறு ஏஜென்சி மூலம் வைக்கக்கூடாது" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இப்போதே பேசி எழுத்தில் விலக்கு வாங்கவேண்டும். புது ஒப்பந்தத்தில் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இனி வாசகம்:

"சங்கம் எழுத்தில் காரணம் தெரிவித்து எந்தக் காவலாளியையும் இந்த பாயிண்டிலிருந்து மாற்றக் கேட்கலாம். முகமை 3 நாளுக்குள் மாற்று ஆளைத் தரும். பாதுகாப்புக்கு உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள். மாற்றப்பட்டவருக்கு முகமை 7 நாளுக்குள் 15 கிலோமீட்டருக்குள் அதே ஊதியத்தில் வேறு பாயிண்ட் தரும். அதுவரை அவருக்குப் பாதி ஊதியம் தரும். மாற்றக் கேட்டது மட்டுமே பணிநீக்கத்துக்குக் காரணமாகாது."

பாதி ஊதியத்துக்கு ஏஜென்சி சண்டை போடும். கணக்கைக் காட்டுங்கள். ஒருவர் வருடத்தில் 10 நாள் காத்திருந்தால் பாதிச் சம்பளம் சுமார் 2,900, மாதம் 240. அதையும் பில்லில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள்.

ரோஸ்டர்_கோவை · 10 பிப்ரவரி

ஒரு சொல் மாற்றம். "எழுத்தில் காரணம்" என்பதை "சங்கத்தின் செயலாளர், பொருளாளர் இருவரும் கையெழுத்திட்டு, காவலாளியின் விளக்கத்தையும் கேட்டபின் எழுத்தில் காரணம்" என்று போடுங்கள். கார் நிறுத்தும் இடத்தில் ஏற்பட்ட வாய்த்தகராறுக்கு ஒரே வீட்டுக்காரர் போன் போட்டு ஆளை மாற்றிவிடும் வழக்கம் இதோடு நிற்கும். ஒப்பந்த முடிவு நோட்டீஸ் 7 நாள் வேண்டாம், இருபக்கமும் 45 நாள். நேற்று எழுதிய ஐந்து விவரங்களும் வந்து சேர அந்த நாட்கள் வேண்டும்.